அறிவியல் ஆய்வில் பிழை நுழையும் வாயில்கள்

முன்னுரை

அளத்தல் மாந்தனின் தொன்மையான செயல்களுள் ஒன்று. நாழி, உழக்கு, மரக்கால் என முகத்தலளவையும், சாண், முழம், காதம் என நீட்டலளவையும், நாழிகை எனக் காலவளவையும் நம் முன்னோர் வகுத்து வைத்தனர். பொருளை அளந்து கொடுத்தவன் வணிகன். நிலத்தை அளந்து வரி விதித்தவன் அரசன். இவ்விருவருக்கும் பின்னே வந்த அறிவியலாளனோ வானையும் மண்ணையும், கண்ணுக்குப் புலனாகாத அணுவையும் அளக்கத் தொடங்கினான். இன்று அறிவியல் என்னும் மாளிகை நிற்பது அளவை என்னும் கடைக்காலின் மீதே எனலாம்.

ஆயின், முற்றிலும் பிழையற்ற அளவை என ஒன்று உலகில் இல்லை. எத்துணை நுட்பமான கருவியாயினும், எத்துணைத் தேர்ந்த ஆய்வாளராயினும், பெறப்படும் எண்ணில் ஏதேனும் ஒரு குறை ஒட்டிக்கொண்டே இருக்கும். இவ்வுண்மையை அறியாதார், 'அறிவியல் கூறிவிட்டது' என்ற அளவில் எதனையும் நம்பிவிடுவர். அரைகுறையாக அறிந்தார், 'அறிவியலும் தவறக்கூடியதுதானே' எனக் கூறி எதனையும் மறுத்துவிடுவர். இவ்விரு நிலைகளும் ஏற்கத்தக்கன அல்ல. பிழை எவ்வெவ் வாயில்கள் வழியாக ஆய்வினுள் நுழைகிறது, அதனைக் கண்டறிந்தோர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதனைச் சில வரலாற்றுச் சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழுவும் வழுவமைதியும்

தமிழ் இலக்கணம் சொல்லாட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. இலக்கண நெறி பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்ததேனும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசு ஒன்றினை உவப்பு மிகுதியால் அம்மை என உயர்திணையாகக் கூறுவது திணை வழுவாயினும், உவப்பு என்னும் காரணம் வெளிப்படத் தெரிதலின் அமைத்துக்கொள்ளப்படுகிறது.

அறிவியல் அளவையையும் இவ்வகையில் நோக்குதல் பொருந்தும். அளவையில் வழாநிலை என்பது எட்டாத இலக்கு. ஆய்வாளன் செய்யக்கூடுவது, தன் அளவையில் உள்ள வழு எவ்வளவு, எக்காரணத்தால் நேர்ந்தது என வெளிப்படக் கூறி, அதனை வழுவமைதியாக்குவதே. ஒரு கம்பியின் நீளம் 25.4 செ.மீ. என்று மட்டும் கூறுதல் பாதி உண்மை. 0.1 செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதனையும் உடன் கூறினால்தான் அக்கூற்று முழுமை பெறும். எல்லை கூறப்பட்ட பிழை அறிவின் ஒரு பகுதி. மறைக்கப்பட்ட பிழையே வழுவாகும்.

இயற்பியலார் பிழைகளைப் பெரும்பாலும் மூவகைப்படுத்துவர். கருவியைப் படிப்பதில் ஏற்படும் கவனக்குறைவு, எண்ணை மாற்றி எழுதுதல் போன்றவை மொத்தப் பிழைகள். இவை எளிதில் திருத்தத்தக்கன. ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும், எத்திசை என அறுதியிட இயலாதவாறு நேர்வன ஒழுங்கற்ற பிழைகள். பன்முறை அளந்து சராசரி காணின் இவை ஒன்றையொன்று ஈடு செய்து சுருங்கும். நான்கு முறை அளந்தால் ஏறத்தாழப் பாதியாகவும், நூறு முறை அளந்தால் பத்தில் ஒன்றாகவும் குறையும். மூன்றாவது முறையான பிழை. வெர்னியர் அளவியில் உள்ள சுழிப்பிழை இதற்கு நல்ல சான்று. தாடைகள் ஒன்றோடொன்று பொருந்திய நிலையிலேயே கருவி சுழியைக் காட்டவில்லையெனில், அதனால் அளக்கும் ஒவ்வோர் அளவும் அதே திசையில் அதே அளவு பிறழும். ஆயிரம் முறை அளந்தாலும் இப்பிழை தேயாது. அளவுகள் அனைத்தும் ஒன்றோடொன்று ஒத்திருத்தலின் ஆய்வாளனின் நம்பிக்கை மட்டும் பெருகும். இம்மூன்றனுள் கொடியது இதுவே.

சிறுபிழை பெருகும் வழி

பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அல்-பிரூனி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது பூமியின் ஆரத்தைக் கணிக்க ஓர் அரிய வழியைக் கையாண்டார். நெடுந்தொலைவு பாலைவனத்தில் நடந்து அளக்கும் பழைய முறையை விடுத்து, மலையொன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்னும் தாழ்கோணத்தை அளந்தார். மலையின் உயரம் ஏறத்தாழ 652 முழம். தாழ்கோணம் 34 கலை. ஒரு பாகையை அறுபது கூறிட்டதில் ஒரு கூறு ஒரு கலையாகும். இவ்விரண்டு எண்களைக் கொண்டு முக்கோணவியல் வழியாகப் பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர் பெற்ற விடை இன்றைய அளவிற்கு மிக நெருக்கமானது எனப் பலரும் வியந்து எழுதியுள்ளனர்.

அவ்வியப்பு நியாயமானதே. எனினும், பிழையைப் பற்றிப் பேசும் நாம் ஒரு படி மேலே சென்று நோக்குதல் வேண்டும். இக்கணிப்பில் தாழ்கோணம் இருமடிக்கப்படுகிறது. ஆதலின் கோணத்தில் நேரும் பிழை ஆரத்தில் இருமடங்காக வெளிப்படும். 34 கலைக்குப் பதில் 33 அல்லது 35 கலை என ஒரே ஒரு கலை பிறழ்ந்திருந்தாலும், ஆரத்தின் மதிப்பு 360 முதல் 390 கிலோமீட்டர் வரை மாறிவிடும். ஒரு கலை என்பது முழுநிலவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கே. மேலும், தொலைவிலிருந்து வரும் ஒளி காற்று மண்டலத்தில் வளைந்து வருவதால் தொடுவானம் சற்று உயர்ந்து தோன்றும், தாழ்கோணம் குறையும். இவற்றோடு, அவர் கொண்ட முழத்தின் நீளம் இன்றைய அலகில் எவ்வளவு என்பதிலும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எனவே, விடை நெருங்கி வந்தது என்பதனை மட்டும் சான்றாகக் கொண்டு அவரைப் போற்றுதல் அவருக்கு நாம் செய்யும் சிறந்த சிறப்பு ஆகாது. ஒரு மனிதன் ஒரு மலையின் மீது நின்றுகொண்டே உலகை அளக்கக்கூடும் எனக் கண்ட முறையே அவர்தம் பெருமை. பெருமைக்குரியோரின் அளவைகளையும் ஆராய்ந்து ஏற்பதே அறிவியல் நெறி.

கருவியும் சூழலும்

பிழை நுழையும் வாயில்களுள் முதலாவது கருவியும் அது இயங்கும் சூழலும் ஆகும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்தியப் பெரும் முக்கோண நில அளவைக்கு அடிப்படையாகிய அடிக்கோடு 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அளக்கத் தொடங்கப்பெற்றது. அதனை மேற்கொண்டவர் வில்லியம் லாம்டன். ஏழரை மைல் அளவுள்ள, அதாவது ஏறத்தாழ 40,000 அடி நீளமுள்ள அக்கோட்டினை நூறடி நீள எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள்கள் ஆயின.

இத்துணைக் காலம் எதற்காக? எஃகு வெப்பத்தால் நீளும் இயல்புடையது. ஒரு பாகை செல்சியசு வெப்பம் உயர்ந்தால் பத்து லட்சத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு நீளும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்துப் பாகை வேறுபாடு எனக் கொண்டால், நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். இது மிகச் சிறிய அளவே. ஆனால், அச்சங்கிலியை நானூறு முறை இடம் மாற்றி வைத்து அளக்கும்போது அச்சிறு வேறுபாடு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் சேர்ந்து, இறுதியில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான பிழையாக வளர்ந்துவிடும். அவ்வடிக்கோட்டின் மீதே தென்னாட்டின் முக்கோணங்கள் பல எழுப்பப்படவிருந்தன. ஆதலின் லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, சீராக இழுத்துப் பிடித்து, வெப்பமானிகளை உடன் வைத்து, ஒவ்வோர் அளவிற்கும் வெப்பத் திருத்தம் கணக்கிட்டார். இவ்வாறு காரணம் தெரிந்த முறையான பிழையைக் கணக்கினால் நீக்க முடியும்.

1808இல் வேறோர் இடையூறு நேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் மீது கோணமானிக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அக்கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் பெருவட்டம் உருக்குலைந்தது. லாம்டன் பல வாரங்கள் முயன்று அதனைப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார். வெளிப்படையாக உடைந்த கருவி அச்சம் தருவதில்லை. உடைந்தமை தெரிவதால் செப்பனிடுகிறோம். உடையாதது போலத் தோன்றிக்கொண்டு பிறழ்ந்த அளவு தரும் கருவியே அஞ்சத்தக்கது.

தூக்குநூல் பொய்த்த கதை

அதே நில அளவை வடக்கே இமயத்தை நெருங்கியபோது பெரும்புதிர் ஒன்று எழுந்தது. தில்லிக்கு வடக்கேயுள்ள கலியானா, நடு இந்தியாவிலுள்ள கலியான்பூர் ஆகிய இரண்டிடங்களுக்கும் இடைப்பட்ட அகலாங்கு வேறுபாடு, நிலத்தை அளந்து கண்டபோது ஒன்றாகவும், விண்மீன்களை நோக்கிக் கண்டபோது வேறொன்றாகவும் இருந்தது. இரண்டிற்கும் இடையே வேறுபாடு 5 விகலைக்குச் சற்று மிகுதி. நிலத்தில் இஃது ஏறத்தாழ 160 மீட்டர். அத்துணைக் கவனத்துடன் செய்யப்பட்ட பணியில் இவ்வளவு பிழை எவ்வாறு நேரும்?

விண்மீன்களை நோக்குவோர் எது செங்குத்து என்பதனைத் தூக்குநூலைக் கொண்டே அறிவர். கொத்தனாரும் தச்சரும் நம்பும் அத்தூக்குநூலை ஐயுற எவருக்குத் தோன்றும்? கல்கத்தாவில் கிறித்தவ சமயப் பணியாற்றியவரும் கணித வல்லுநருமாகிய ஜான் ஹென்றி பிராட் ஐயுற்றார். இமயமலையின் பெரும்பொருண்மை தூக்குநூலின் குண்டினைத் தன்பால் ஈர்த்திருக்கும் என எண்ணி, அதன் அளவை 1855இல் கணக்கிட்டார். கணக்கின்படி பிறழ்ச்சி ஏறத்தாழ 16 விகலை இருத்தல் வேண்டும். கண்டதோ 5 விகலைதான். பிழைக்குக் காரணம் தேடப் போய், விளக்கம் பிழையினும் மிகுந்து நின்றது!

அவ்வாண்டே ஜார்ஜ் ஏரி என்னும் வானியலார் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பனிப்பாறையின் பெரும்பகுதி நீரினுள் ஆழ்ந்திருப்பது போல, மலைகளுக்கும் நிலத்தின் கீழே எடை குறைந்த பாறையாலான வேர்கள் உண்டு. அதனால் மலையின் ஈர்ப்பு நாம் எண்ணுவதினும் குறைவு என்றார் அவர். பிராட்டும் பின்னர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நில ஓட்டின் சமநிலை பற்றிய கோட்பாடு இவ்வாறு பிறந்தது. அளவையாளர் அந்த 5 விகலையைச் சிறு வேறுபாடுதானே எனத் துடைத்தெறிந்திருப்பின், மலைகளுக்கு வேர் உண்டு என்னும் உண்மை இன்னும் நெடுங்காலம் மறைந்தே கிடந்திருக்கும். பிழை எனத் தோன்றுவதனைப் பொறுமையுடன் காத்து வைத்தலும் அறிவுக்கு ஒரு வழி என்பதனை இவ்வரலாறு உணர்த்துகிறது.

காண்பான் கண்ணிலுள்ள பிழை

இரண்டாவது வாயில் காண்பவனே ஆவான். இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் அரச வானியலாராக இருந்தவர் நெவில் மாஸ்கலின். அவர்தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக். தொலைநோக்கியிலுள்ள மெல்லிய கம்பியை விண்மீன் கடக்கும் நொடியைக் கடிகாரத்தின் ஒலியைக் காதால் கேட்டும், விண்மீனைக் கண்ணால் பார்த்தும் குறிப்பது அக்கால வழக்கம். உதவியாளர் குறிக்கும் நேரம் தாம் குறிப்பதினும் ஏறத்தாழ 0.8 நொடி பின்தங்கியிருப்பதை மாஸ்கலின் கண்டார். எச்சரித்தும் வேறுபாடு நீங்கவில்லை. 1796இல் கின்னபுரூக் பணியிழந்தார்.

சில பத்தாண்டுகள் கழித்து இக்குறிப்பைப் படித்த பெசல் என்னும் செருமானிய வானியலார், இது சோம்பலால் நேர்ந்ததன்று என ஐயுற்றார். தம்மையும் பிற தேர்ந்த வானியலாரையும் ஒப்பிட்டு அளந்தபோது, எவர் இருவர் குறித்த நேரமும் முற்றும் ஒத்திருக்கவில்லை. கண்ணும் காதும் தரும் செய்திகளை மனம் இணைத்துக்கொள்ள ஆகும் காலம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது தெளிவாயிற்று. இதனை 'ஆள்சார் சமன்பாடு' என வழங்கினர். மாஸ்கலின் தம் அளவையே சரி எனக் கொண்டதற்குச் சான்று ஏதுமில்லை. அவர் தலைவர், மற்றவர் உதவியாளர் என்பதன்றி. ஒருவர் நேர்மையாக உழைத்தும் பிழை நேரலாம் என்னும் அறிவு இல்லாமையால் ஒருவரது வாழ்வு குலைந்தது. பிழையையும் குற்றத்தையும் பிரித்தறியாத இடத்தில் அநீதி விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எதிர்பார்ப்பு என்னும் திரை

புலனுறுப்பின் பிழையினும் ஆழமானது மனத்தின் பிழை. பிரான்சு நாட்டின் நான்சி நகரில் மதிப்புமிக்க இயற்பியலாராக விளங்கிய புளோண்ட்லோ, 1903இல் புதியவகைக் கதிர்களைக் கண்டதாக அறிவித்து, தம் நகரின் பெயரின் முதலெழுத்தால் அவற்றிற்குப் பெயரிட்டார். இருட்டறையில் மங்கலான ஒளி சற்றே மிகுந்து தோன்றுவதே அக்கதிர்களுக்கு அடையாளம். பிறர் பலரும் தாமும் கண்டதாக எழுதினர். 1904இல் அமெரிக்க இயற்பியலார் ராபர்ட் உட் அவ்வாய்வகத்திற்குச் சென்றார். இருளில் எவரும் அறியாமல், கதிர்களைப் பிரிப்பதற்கென வைத்திருந்த அலுமினியப் பட்டகத்தை எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத நிலையிலும் புளோண்ட்லோ முன்போலவே அளவுகளைக் கூறிக்கொண்டிருந்தார்! அவர் பொய்யர் அல்லர். காண விரும்பியதைக் கண்டார். அதனோடு அக்கதிர்களின் கதை முடிந்தது.

எதிர்பார்ப்பு இன்னும் நுட்பமாகவும் செயற்படும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்து 1923இல் நோபல் பரிசு பெற்றவர் மில்லிகன். காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட மதிப்பு சற்றுப் பிறழ்ந்திருந்தமையால், அவர் கண்ட மின்னூட்டம் உண்மையினும் ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைந்திருந்தது. பின்வந்தோரின் அளவுகள் உண்மை மதிப்பிற்கு ஒரே தாவலில் செல்லாமல் சிறிது சிறிதாக நகர்ந்து சென்றன என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல் ஆற்றிய உரையொன்றில் சுட்டிக்காட்டினார். மில்லிகனின் மதிப்பிலிருந்து மிக விலகிய எண் வந்தால் எங்கே தவறினோம் என அவர்கள் தேடினர். நெருங்கிய எண் வந்தால் அவ்வாறு தேடவில்லை என்பது அவர் தந்த விளக்கம். தேடுதலில் காட்டும் ஓரவஞ்சனையே இங்குப் பிழையாயிற்று. எக்சு கதிர்களையும் படிகங்களையும் பயன்படுத்தும் முற்றிலும் வேறான ஒரு முறை 1930களில் கைவந்த பின்னரே காற்றின் பாகுநிலையில் இருந்த குறை தெளிவாக வெளிப்பட்டது.

ஒதுக்கப்பட்ட எண்கள்

எதிர்பாராத எண்ணைக் கண்டவுடன் ஒதுக்கும் பழக்கம் கணிப்பொறிக்கும் கற்பிக்கப்படுகிறது. அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரித்தானிய அறிவியலார் தரையிலிருந்தபடியே பல ஆண்டுகள் ஓசோனை அளந்து வந்தனர். வசந்த காலத்தில் அதன் அளவு பெரிதும் வீழ்வதைக் கண்டு, ஃபார்மன், கார்டினர், சாங்க்ளின் ஆகிய மூவரும் 1985இல் அதனை வெளியிட்டனர். அதே வானத்தை மேலிருந்து நோக்கிய அமெரிக்கச் செயற்கைக்கோளின் பதிவுகளிலும் அவ்வீழ்ச்சி இருந்தது. ஆனால், அத்துணைக் குறைந்த அளவு இயல்பன்று எனக் கருதி அமைக்கப்பட்ட கணிப்பொறி நிரல், அவ்வெண்களை ஐயத்திற்குரியன எனக் குறியிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. மீண்டும் ஆராய்ந்தபோது, ஓசோன் தேய்வு அக்கண்டத்தின் மீது பரந்து கிடப்பது புலனாயிற்று. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒதுக்கப்பட்ட எண்களை எவரும் திரும்பிப் பாராதிருந்திருப்பின் மாந்தர்க்கும் பயிர்க்கும் நேர்ந்திருக்கக்கூடிய கேட்டினை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பன்முறை அளந்தும் நீங்காத பிழை

முறையான பிழை பன்முறை அளப்பதால் நீங்காது என முன்னர்க் கூறினோம். அதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2011இல் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவிற்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ துகள்கள், ஒளியினும் 60 நானோநொடி முந்தி வந்ததாக ஓபரா குழுவினர் அளந்தனர். பதிவு செய்த நிகழ்வுகள் ஆயிரக்கணக்கானவை. ஒழுங்கற்ற பிழை மிகச் சுருங்கிவிட்டிருந்தது. எனினும் ஐன்ஸ்டைனின் கொள்கையோடு அம்முடிவு முரண்பட்டது.

அக்குழுவினர் அம்முடிவை மறைக்கவுமில்லை. புதிய இயற்பியல் கண்டோம் எனப் பறைசாற்றவுமில்லை. எங்கள் பிழையைக் கண்டுபிடிக்க உதவுங்கள் என்னும் பாங்கில் உலகின் முன் வைத்தனர். 2012இல் உண்மை வெளிப்பட்டது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாதிருந்தது. கடிகார அமைப்பிலும் ஒரு குறை இருந்தது. அதே இடத்திலிருந்த பிற ஆய்வுக் குழுவினரும் தம் கருவிகளால் அளந்து, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என உறுதி செய்தனர். உலகை வியக்கவைத்த செய்தி ஒரு தளர்ந்த இணைப்பில் முடிந்தது. எனினும் பிழையை ஒப்புக்கொண்டு ஆராய்ந்த அம்முறை, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலுக்குச் சான்றாக நிற்கிறது.

தேர்வில் நேரும் பிழை

இதுகாறும் இயற்கை அறிவியலைப் பற்றிக் கூறினோம். மக்களைப் பற்றிய ஆய்வில் யாரை ஆராயத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே பெரிய வாயில். 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என உரைத்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களுள் 46இல். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியலிலிருந்து பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டமையும், விடை அனுப்ப ஆர்வம் கொண்டோர் மட்டுமே விடை அனுப்பியமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எண்ணிக்கையின் பெருமை தேர்வின் சிறுமையை மறைக்காது.

வெளியிடுவதிலும் தேர்வு உண்டு. கருதியது கைகூடிய ஆய்வே அச்சேறுகிறது. கைகூடாதது பெட்டியில் உறங்குகிறது. 2015இல் வெளியான ஒரு கூட்டாய்வு, உளவியலில் வெளிவந்திருந்த நூறு ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு தெளிவான விளைவு கண்டதாகக் கூறியிருக்க, மறுமுறை செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அத்தகைய விளைவு கிட்டிற்று. ஒவ்வோர் ஆய்வாளரும் நேர்மையாளராகவே இருப்பினும், அச்சேறுவதற்குரிய தேர்வு ஒருபக்கம் சாயுமாயின் மொத்த அறிவும் சாய்ந்துவிடும்.

சுவடியும் சோதனைச் சாலையும்

இப்பிழைகளை அறிவியலாரின் சிக்கல் எனத் தமிழ் பயில்வோர் தள்ளிவிட இயலாது. பழஞ்சுவடிகளில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். படியெடுப்போர் பிறழ உணர்ந்து எழுதிய ஒரு சொல், அச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்ட எல்லாப் படிகளிலும் தொடரும். ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்த இருபது படிகள் ஒத்திருப்பினும் அஃது ஒரே சான்றேயன்றி இருபது சான்றுகள் ஆகாது. சுழிப்பிழை உள்ள கருவியால் இருபது முறை அளப்பது போன்றதே இதுவும்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, பல ஊர்களிலிருந்தும் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கியதன் அருமை இதனால் விளங்கும். வெவ்வேறு வழிவந்த சுவடிகள் வெவ்வேறு இடங்களில் பிழைபடும். ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். மில்லிகனின் பிழையை எக்சு கதிர் முறை காட்டியதும், ஓபராவின் பிழையைப் பிற குழுவினரின் கருவிகள் உறுதி செய்ததும் இந்நெறியே. முறையான பிழைக்கு மருந்து, அதே வழியில் மீண்டும் மீண்டும் அளப்பதன்று. தொடர்பற்ற வேறு வழியால் அளந்து ஒப்பிடுவதாகும்.

நம் ஆய்வுக்கூடங்களில்

இவ்விடத்தே மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில் 9.8 என்னும் விடை வருதல் வேண்டும் என்பது யாவர்க்கும் தெரியும். விடை 9.3 என வந்தால், கணக்கைப் பின்னோக்கிச் செய்து அலைவு நேரங்களைத் திருத்தி எழுதும் வழக்கம் நம் கல்லூரிகளில் அறியப்படாதது அன்று. கலைத்துறைகளிலும் இதன் வேறு வடிவங்கள் உண்டு. வினாநிரலை நண்பர் வட்டத்திலேயே நிரப்பிக்கொள்வதும், முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கிணங்கிய மேற்கோள்களை மட்டும் திரட்டுவதும், நெறியாளர் விரும்பும் கருத்திற்கு மாறான சான்றினை விட்டுவிடுவதும் அத்தகையனவே.

திருத்தாத 9.3 பல உண்மைகளை உள்ளடக்கியது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளவாமல் நூலின் முடிவு வரை மட்டும் அளந்திருக்கலாம். அலைவுகளை எண்ணுவதில் ஒன்று தவறியிருக்கலாம். அலைவின் வீச்சு மிகுந்திருக்கலாம். இவற்றுள் எது எனத் தேடும் மாணவன் லாம்டனும் பெசலும் நடந்த வழியில் நடக்கிறான். 9.8 எனத் திருத்தி எழுதியவனோ ஒரு மதிப்பெண்ணைப் பெற்று, ஓர் ஆய்வாளனை இழக்கிறான். நாளை அவன் மருந்தைச் சோதிப்பவனாகவோ, பாலத்தின் சுமையைக் கணிப்பவனாகவோ, குடிநீரின் தூய்மைக்குச் சான்றளிப்பவனாகவோ அமரும்போது, இன்று பழகிய கை அன்றும் அவ்வாறே எழுதும். அப்போது அதன் விலையைக் கொடுப்போர் வேறு மக்கள்.

முடிவுரை

கருவி, சூழல், காண்பவரின் புலன், எதிர்பார்ப்பு, தேர்வு எனப் பிழை நுழையும் வாயில்கள் பல எனக் கண்டோம். ஒழுங்கற்ற பிழையைப் பன்முறை அளத்தலாலும், காரணம் தெரிந்த முறையான பிழையைத் திருத்தத்தாலும், காரணம் தெரியாததை வேறு வழி அளவையாலும் எதிர்கொள்ளலாம். எதிர்பார்ப்பினால் வரும் பிழையைத் தடுக்க, எது மருந்து எது வெற்று மாத்திரை என்பதை உண்பவர்க்கும் கொடுப்பவர்க்கும் மறைத்து வைக்கும் இருபுற மறைப்பு முறையை மருத்துவ ஆய்வு இன்று கையாளுகிறது. தன் மனமே தன்னை ஏமாற்றும் என ஒப்புக்கொண்ட பணிவிலிருந்து பிறந்த முறை அது.

இவையனைத்திற்கும் அடிப்படை ஒரு பண்பு. அளந்த எண்ணோடு அதன் ஐயத்தையும் சேர்த்துக் கூறும் நேர்மையும், தனக்கு இணங்கிய முடிவையும் இணங்காத முடிவையும் ஒரே கடுமையோடு சோதிக்கும் நடுவுநிலைமையும் கூடியதே அப்பண்பு. பிழை நேர்தல் மாந்த இயல்பு. அதனைத் தேடிக் கண்டு வெளிப்படக் கூறுதல் ஆய்வாளனின் கடமை. அக்கடமையைக் கல்லூரிப் பருவத்திலேயே பழகிக்கொள்வோர் எத்துறையில் நின்றாலும் அறிவுக்கு அரண் செய்வர் என்பது எம் துணிபு.